பூ வெந்த மதியம்

பூவை வைத்துக் கட்டிவிட்டு அத்தை முன்னறைக்குப் போய்விட்டாள். இறுக்கிக் கட்டியிருக்கிறாள், மூச்சை இழுத்தால் விலாவில் இடிக்கிறது. அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, மார்பைச் சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டிருக்கிறாள். உள்ளே இரண்டு பக்கமும் காலையில் பறித்த மல்லிகை மொட்டு. முதலில் சில்லென்று இருந்தது. இடது பக்கம் வைத்தபோது அந்தச் சில்லிப்பே அறைந்த மாதிரி வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன், அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பொறுத்துக்கத்தா, பால் வத்திருச்சுன்னா எல்லாம் சரியாப் போகும்" என்றாள். வற்றிவிட்டால். வற்றிவிட்டால் என்று நான் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை, என் வாயில் எதுதான் வந்திருக்கிறது. இந்த வீட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை. பின்பக்கம் பூராவும் மல்லிகைத் தோட்டம், அவர் வண்டியில் மூட்டை மூட்டையாக மார்க்கெட்டுக்குப் போகிறது, மிஞ்சியது முன்னறையில் ஈரச் சாக்கில் கிடக்கும், அத்தையும் பக்கத்து வீட்டு நாகு அக்காவும் உட்கார்ந்து தொடுப்பார்கள். அந்த வாசனை சோற்றில் ஏறும், துணியில் ஏறும், கல்யாணமாகி வந்த புதுசில் தலை வலிக்கும், பிறகு தெரியாமலே போயிற்று. இன்றைக்குத் தெரிகிறது. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், உச்சி வெயில் ஓட்டைப் பொசுக்குகிறது, பூ வாசனை என் நெஞ்சிலிருந்தே எழும்பி மூக்கில் ஏறுகிறது, பிணத்துக்குப் போட்ட மாலை மாதிரி, சீ, அப்படி நினைக்கக் கூடாது, தம்பி, என் பிள்ளை, தூளியில் தூங்குகிறான். முன்னறை விட்டத்தில் தூளி. அது ஆடும்போது கயிறு கிறீச்சென்று ஒரு சத்தம் போடும், இப்போது போடவில்லை, தூங்குகிறான். எழுந்தால் பசி. எழுந்தால் என்னிடம் தரமாட்டார்கள். சொம்புத் தண்ணீருக்குள் டின் பால் பாட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது, காலையிலேயே பார்த்துவிட்டேன், ரப்பரில் ஊசியைக் காய்ச்சிக் குத்தி ஓட்டை போட்டதையும் பார்த்தேன். அந்த ஊசி என்னைக் குத்தியிருந்தால் இவ்வளவு இருந்திருக்காது.

இதெல்லாம் ஒரு வெடிப்பில் வந்தது. சின்ன வெடிப்பு, காம்பின் ஓரத்தில், நகத்தால் கீறிய அளவுகூட இல்லை. தம்பி வாய் வைக்கும்போது சுரீரென்று இழுக்கும், அப்புறம் பழகிவிடும், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கும்தானே என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல. அவரிடம் சொல்ல வெட்கம். அத்தையிடம் சொன்னால் காட்டு என்பாள். எனக்கு அவள் முன்னால் பால் கொடுப்பதற்கே கூச்சம், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் கொடுப்பேன், நாகு அக்கா அதற்கே கேலி செய்வாள், "சுவத்துக்கா பால் குடுக்குற, புள்ளைக்கா?" என்று. பிறகு ஒரு சாயங்காலம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது குளிர் வந்தது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேர்க்க வேண்டிய இடம், பல் தந்தியடித்தது. உடம்பு கொதிக்க, உள்ளே நடுங்க, போர்வைக்குள் போர்வை கேட்டேன். இடது மார்பில் ஒரு பக்கம் செம்பருத்தியை அரைத்துப் பூசிய மாதிரி சிவந்துகிடந்தது. கல் மாதிரி கெட்டி. கை வைத்தால் கை சுட்டது, என் கையே என் மார்பில் சுட்டுக்கொண்டது. நாகு அக்கா கண்ணேறு என்றாள், கோயில் திருவிழாவில் எவளோ பார்த்துவிட்டாள் என்றாள், உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள், மிளகாய் நெடி வரவில்லை, பாத்தியா பாத்தியா என்றாள். என் மார்பைப் பார்த்த அந்த முதல் பார்வையில் அத்தை முகம் போன போக்கு. பாம்பை மிதித்தவள் முகம். பயந்த மாமியாரை நான் அதுவரை பார்த்ததில்லை, எனக்கு அதுதான் காய்ச்சலைவிடப் பெரிய நடுக்கமாக இருந்தது. நேற்று விடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதுவரைக்கும் நல்லவள்தான். இப்போதும் நல்லவள்தான். நல்லவர்கள் கட்டும் கட்டுத்தான் இறுக்கமாக இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் அத்தையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே டாக்டரம்மா, சுற்றி நர்ஸுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம், என்னைவிடச் சின்னதுகள், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழியப் பின்னிய சடை. ஜாக்கெட்டை அவிழ் என்றார்கள். அவிழ்த்தேன். அவிழ்த்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன், அது சுற்றவில்லை. என் பெயர் என்னவென்று சீட்டில் பார்த்துக்கொண்டார்கள், பாண்டிச்செல்வி என்று, என்னிடம் கேட்கவில்லை. மற்றதைக் கேட்டதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன். வாயில கொழுக்கட்டையா என்றார் டாக்டரம்மா, பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு என்னை நடுவில் வைத்துக்கொண்டே அவர்களுக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டார், கரும்பலகையில் எழுதின மாதிரி என் மார்பில் விரலை வைத்து, இங்கே பார், சூடு. இங்கே சிவப்பு. இது வீக்கம். அழுத்தினார், உயிர் போனது, இது வலி. இந்த நாலும் எங்கே சேர்ந்து இருந்தாலும் அங்கே சண்டை நடக்கிறது என்று அர்த்தம். வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்துவிட்டது, எங்கிருந்தோ வந்த கிருமி இல்லை, தோல் மேலேயே சும்மா கிடந்ததுதான், கதவு திறந்ததும் உள்ளே வந்துவிட்டது. "சரி, இந்த வீக்கத்த யாரு பண்றா?" என்று கேட்டார். ஒருத்தி சட்டென்று, கிருமி மேடம் என்றாள். டாக்டரம்மா தலையை ஆட்டினார், இல்லை என்று. எனக்கு அந்த நிமிஷம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது, ஏனென்றால் அப்போதுதான் அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "கிருமி இல்ல. இவ பண்றா."

இவ பண்றா. நேற்றிலிருந்து அதுதான் தலைக்குள் கயிறு மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. வேறு என்னென்னவோ சொன்னார், ரத்தக் குழாய் அகன்று கொடுக்குமாம், அதனால்தான் சூடும் சிவப்பும். குழாயின் சுவர் இளகி வழி விடுமாம், நீரும் வெள்ளை அணுக்களும் கசிந்து இறங்கும், அதனால்தான் வீக்கம். வந்தவை கிருமியை விழுங்கும், விழுங்கிவிட்டுத் தானும் சாகும், சீழ் என்று முகத்தைச் சுளிக்கிறோமே அது செத்த சிப்பாய்கள்தான் பாதி. இந்த முதல் படை யார் எவர் என்று விசாரிக்காது, பேர் கேட்காது, முன்பின் பார்த்திருக்க வேண்டியதில்லை, நம்ம ஆள் இல்லை என்று தெரிந்தால் போதும், இறங்கிவிடும். பேர் விசாரித்து ஞாபகம் வைத்து அடிக்கிற இன்னொரு படை உண்டு, அது மெதுவாக வரும், அது வரைக்கும் இதுதான் வாசலில் நிற்கும். காய்ச்சலும் அப்படித்தானாம், கிருமி மூட்டுகிற அடுப்பு இல்லை, உடம்பு தானே மூட்டுவது. அளவு மிஞ்சினால் தன் வீட்டையே கொளுத்திக்கொள்ளும், அதற்கும் கிருமிக்கும்தான் மாத்திரை என்றார். எல்லாமே ஞாபகம் இருக்கிறது. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்னை, அறிவியல் பாடத்தில் இதயப் படம் வரைந்ததோடு சரி, ஆனால் ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் பூ பறித்த பிள்ளை நான். முள் ஏறின விரல் ராத்திரி விண்விண்ணென்று தெறிக்கும், தனியாக ஒரு உயிர் அதற்குள் குடியிருக்கிற மாதிரி, விரல் உப்பி, நுனி பளபளத்து, பிறகு ஒருநாள் முள் தானாகவே பிதுங்கி வெளியே வரும். முள்தான் அப்படி வீங்க வைக்கிறது என்று நினைத்திருந்தேன். நானா. நானா அது. வகுப்பில் வாத்தியார் செய்யாத குற்றத்துக்கு அடித்தபோது கையை நீட்டியவள் நான். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றபோது கால் கட்டைவிரலைப் பார்த்தவள். காலையில் வேட்டியைக் கிழிக்கிற சத்தம் கேட்டதும் கையைத் தூக்கிக் கொடுத்தவள், கட்டிக்கொள்ளுங்கள் என்று. அப்படிப்பட்டவளுக்கு உள்ளே, யாரையும் கேட்காமல், மாமியாரைக் கேட்காமல், புருஷனைக் கேட்காமல், என்னையே கேட்காமல் ஒருத்தி தீ மூட்டியிருக்கிறாள். அவளுக்குக் கூச்சம் இல்லை. நான் அவளைப் பார்த்ததே இல்லை, ஆனால் இதோ சுடுகிறாள்.

ஆனால் டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை உட்காரவிடவில்லை. பால் கெட்டுப்போகவில்லை, பிள்ளை குடிக்கலாம், குடிக்கலாம் இல்லை, குடித்தே ஆகணும். சண்டை நடக்கிற இடத்தில் பால் தேங்கினால் கட்டியாகும், கட்டி சீழ் வைக்கும், பிறகு கீறித்தான் எடுக்கணும். பிள்ளை வாயைவிட நல்ல மருந்து இல்லை. வெளியே வந்ததும் அத்தை எழுந்து ஓடி வந்து, என்ன சொன்னாக என்று கேட்டாள். மாத்திரை கொடுத்தார்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குடிக்கணும் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது, பஸ் வந்துவிட்டது, கூட்டம், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் என்பது இந்தக் கட்டு. காலையில் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்றதும் அத்தைக்கு மாத்திரை மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. சூட்டுப் பால், புள்ளைக்கு வயித்தால போகும், வேண்டாம்த்தா வேண்டாம், என்றாள், சொல்லும்போது அவள் கை தன் முந்தானைக்குள் போய் அங்கேயே நின்றது. அது எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியும். மோட்டார் ரூமில் அவள் குளிக்கும்போது ஒருதரம் பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். வலது மார்பில் ஒரு தழும்பு, தோல் உள்ளே இழுத்துச் சுருங்கி, பூவின் காம்பைக் கிள்ளின இடம் மாதிரி. அவர்தான் பிறகு சொன்னார், அம்மாவுக்கு மூத்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது கட்டி வந்ததாம், சவரக் கத்தியால் கீறி எடுத்தார்களாம். மல்லிகை வைத்துக் கட்டிப் பாலை வற்ற வைத்தார்களாம். பிள்ளைக்கு மாட்டுப் பாலில் குளத்துத் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள், வயிற்றால் போயிற்று, பிள்ளையும் போய்விட்டது. அந்த மூத்தவன் இருந்திருந்தால் அவருக்கு அண்ணன், எனக்கு மச்சாண்டார். கட்டியோடு ஒருநாள் பால் கொடுத்துவிட்டேனே, அதுதான் பிள்ளையைக் கொன்றது என்று அம்மா இன்னும் நினைக்கிறது என்றார் அவர், சொல்லிவிட்டு வண்டிக்கு டீசல் போடணும் என்று எழுந்து போய்விட்டார். பூ கட்டினார்கள். பால் தேங்கியது. கட்டி வந்தது. இல்லை, கட்டி வந்து பூ கட்டினார்களா. எது முதலில் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, மாட்டுப் பாலில் கலந்த அந்தக் குளத்துத் தண்ணீரை யாரும் நினைக்கவே இல்லை. இத்தனை வருஷம் ஒருத்தி தன் மார்பையே கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு குளித்திருக்கிறாள். இப்போது என் மார்பையும் அப்படித்தான் பார்க்கிறாள், கோபமாக இல்லை, பயந்து. பயந்தவளை எதிர்த்து எப்படிப் பேசுவது. கோபக்காரியாக இருந்தால்கூடப் பேசிவிடலாம் போலிருக்கிறது. பேசிவிடலாமா. யார், நானா.

கிறீச். கயிறு. கிறீச் கிறீச், எழுந்துவிட்டான். முதலில் இந்த முனகல், பூனைக்குட்டி மாதிரி, கை காலை உதைக்கும்போது தூளி ஆடும். இப்போது ஒரு நிமிஷம் சும்மா இருப்பான், நான் வருகிறேனா என்று பார்ப்பான், வராவிட்டால் அழுவான். அழுதுவிட்டான். அந்தச் சத்தம் காதில் விழவில்லை எனக்கு, நேராக மார்பில் விழுந்தது. ஆயிரம் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு தோளிலிருந்து இறங்கி, இறங்கி, கட்டுக்கு அடியில் முட்டி, வலது பக்கம் வேட்டி நனைகிறது. வற்றவில்லை. பூவே, பார்த்தாயா, வற்றவில்லை. இடது பக்கமும் வருகிறது, அந்தக் கல்லுக்குள்ளிருந்தும், வழி கிடைக்காமல் உள்ளேயே குத்துகிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை, "எங்கய்யா, எங்கய்யா, இந்தா வந்துட்டேன்" என்று தூக்குவது கேட்கிறது. சொம்புத் தண்ணீர் சிந்துவது கேட்கிறது. ரப்பரை வாயில் வைத்திருப்பாள். சத்தம் நின்றது. நின்றுவிட்டது. குடிக்கிறான். குடிக்கிறானா. குடித்துவிட்டானே. குடிக்கட்டுமே, பசிதானே. குடிக்காதே. துப்பிவிட்டான். துப்பிவிட்டான், என் சிங்கம், முன்பைவிடப் பெரிசாக அழுகிறான், நாகு அக்கா கன்னத்தில் தட்டிப் பாரு பெருமாயி என்கிறாள் அத்தையிடம், அத்தை அவனிடம் ஏதோ கெஞ்சுகிறாள். அவனையும் யாரும் கேட்கவில்லை, அவனும் நம்ம ஆள் இல்லை என்று தெரிந்ததும் தள்ளிவிட்டான். பேர் விசாரிக்கவில்லை. என் கால் தரையில் இருக்கிறது. எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை. கை முதுகுக்குப் பின்னால் போய் முடிச்சைத் தேடுகிறது, முடிச்சு பிடிபடவில்லை, பூ தொடுக்கிறவள் போட்ட முடிச்சு, அவிழாது. அவிழாவிட்டால் போகட்டும். முன்பக்கம் பிடித்துக் கீழே இழுத்தேன், விலாவை உரசிக்கொண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. பூ கொட்டியது. கட்டிலில், காலில், தரையில். வெள்ளையாகப் போன பூ, பழுப்பாக வந்து விழுந்தது. குழைந்து, வாடி, ஆவியில் வேக வைத்த மாதிரி. வலது பக்கத்துப் பூ இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது, இடது பக்கத்துப் பூ பூராவும் வெந்துபோயிருந்தது. நான்தான் வேக வைத்தேன். இவ பண்றா. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒரே வாய் வழியாக வந்ததில் இருமினேன்.

சேலையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினேன். முன்னறையில் வெளிச்சம் அடித்தது, சாக்கில் பூ மலை மாதிரி. நாகு அக்கா என்னைப் பார்த்தாள், நனைந்த சேலையைப் பார்த்தாள், இடுப்பில் தொங்குகிற வேட்டியைப் பார்த்தாள், கையில் நாரோடு அப்படியே, "என்னடி, பூ வைக்கிற எடத்த மாத்துனதும் போதாதுன்னு கொட்டிப்புட்டு வேற வர்ற" என்றாள். மற்ற நாளாக இருந்தால் உள்ளே ஓடியிருப்பேன். அத்தை மடியில் தம்பி வில்லாக வளைந்து கதறிக்கொண்டிருந்தான், அவள் கையில் பாட்டில், அவள் கண்ணில் அதே பாம்பு. "வேணாம்த்தா. சொன்னாக் கேளு" என்றாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்து இல்லை. அவளைப் பார்த்து. கையை நீட்டினேன். "புள்ளையக் குடுங்க அத்தை. குடிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான்தான் உங்ககிட்டச் சொல்லல." அவள் தரவில்லை, பிள்ளையை இன்னும் இறுக்கினாள், கட்டு போட்ட மாதிரியே. என் தொண்டைக்குள் இருந்தது இன்னும் முழுசாக வரவில்லை என்று அப்போது தெரிந்தது. வெளியே வரட்டும், முள் மாதிரி, எவ்வளவு வலித்தாலும். "அன்னைக்கும் உங்க பால் ஒண்ணும் பண்ணல அத்தை" என்றேன். நாகு அக்கா நாரைக் கீழே வைத்தாள். அத்தை என்னைப் பார்க்கவில்லை. என் இடது மார்பை, அந்தச் சிவப்பை, சேலை விலகியதில் தெரிந்ததை, வெகு நேரம் பார்த்தாள், பிறகு அவள் கை தளர்ந்ததா நான் எடுத்தேனா என்று எனக்குத் தெரியாது, தம்பி என் மடியில் இருந்தான். இடது பக்கம்தான் கொடுத்தேன். வலது பக்கம் கொடுத்திருந்தால் வலித்திருக்காது. அவன் வாய் வைத்தபோது உச்சந்தலை வரைக்கும் ஒரு கம்பி ஏறியது, கால் விரலெல்லாம் மடங்கிக்கொண்டது, நான் கத்தவில்லை, அவனை விலக்கவும் இல்லை. மடக் மடக் என்று விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. போ, உள்ளே நிற்கிற படையில் கொஞ்சம் அவனோடும் போ, அதையும் டாக்டரம்மா சொன்னார், பாலோடு அதுவும் போகுமாம். அத்தை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் உதைக்கிற காலை, என் விலாவில் படாமல், தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். "மெல்லக் குடிய்யா" என்றாள் அவனிடம், குரல் அவளுடையது மாதிரியே இல்லை, "உங்காத்தாளுக்கு வலிக்கும்." வலித்தது. வலிக்கட்டும், பண்றது நான்தானே.